ரெங்கசாமி சாருக்கு மாலை

“நம்ம கிளாஸ் குரு வரமாட்டானாம்!”

விமலன் போனை மேசைமேல் போட்டான்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையின் மாடியில் ரெங்கசாமி சாருக்குப் பாராட்டு விழா. முப்பத்தாறு வருஷத்துக்கு முன் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அவரிடம் ஆறாம் ஆண்டு படித்த பதினாலு பேர், ஆளுக்கொரு தொப்பையோடு வந்திருந்தார்கள்.

“ஏனாம்?” என்றாள் வாணி.

“காரணமே சொல்லல லா. ‘நீங்க நடத்துங்க’ன்னு வச்சிட்டான்.”

“டயர் கடை போட்டதும் திமிரு. நன்றி கெட்டவன்!”

“நமக்கெல்லாம் நன்றி இல்லாமலா போச்சு? நான் இன்னைக்கு பேங்க்ல மேனேஜர்னா, அன்னைக்கு என் பின்பக்கம் பட்ட பாடுதான் காரணம். ஒரே நாள்ல ஏழு அடி!” என்றான் விமலன்.

“ஏழா? எனக்கு ஒம்போது. ‘பள்ளி’க்கு ‘பல்லி’ன்னு எழுதினதுக்கு” என்றான் கிஷன். அவன் இப்போது வக்கீல். சாட்சி வேண்டுமென்றால் தழும்பைக் காட்டவும் தயாராக இருந்தான். வாணிதான் தடுத்தாள்.

சார் மெல்லப் படியேறி வந்தார். ஒரு காலத்தில் அவர் செருமினாலே கேண்டீன் வரை அமைதியாகிவிடும். இப்போது நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கியது.

மாலை போட்டார்கள். கேக் வெட்டினார்கள். பிறகு விமலன், தங்கத் தாள் சுற்றிய புது ரோத்தான் பிரம்பு ஒன்றை நீட்டினான்.

“சார், ஆளுக்கு ஒரு அடி. போட்டோவுக்கு!”

சொல்லிவிட்டுத் திரும்பிக் குனிந்தே நின்றான். எல்லார் கையிலும் போன் உயர்ந்தது.

சார் பிரம்பை வாங்கவில்லை.

“நிமிரு விமலா. வயசுக்கு மரியாதை குடு.”

“சார், குருவும் வந்திருக்கணும். வரமாட்டேன்னுட்டான்” என்றாள் வாணி. “காலையில சபைக்கூடல்ல எல்லார் முன்னாடியும் நீங்க அடிச்சப்போ சிலுவார்லயே மூத்திரம் போயிட்டானே, அதை இன்னும் மனசுல வச்சிருக்கான் போல.”

பதினாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள், அன்றைக்குச் சிரித்த மாதிரியே.

“அன்னைக்கு அவன் ஒரு தப்பும் பண்ணல” என்றார் சார். “நான் வீட்ல சண்டை போட்டுட்டு வந்தேன். முதல் வரிசையில நின்னது அவன். அவ்வளவுதான்.”

சிரிப்பு பாதியில் நின்றது. கிஷன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

விமலன்தான் சமாளித்தான். “இருந்தாலும் சார்... வாத்தியார்னு ஒரு மரியாதை வேணாமா? கீழ வாசல் வரைக்குமாவது வந்து ஒரு தடவை தலையக் காட்டிட்டுப் போகக்கூடவா முடியாது?”

“கீழ வரைக்கும் வந்தான்பா. நாலு வருஷமா, வாரம் மூணு நாள், என்னை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறவன் அவன்தான். ‘எங்க கூப்பிட்டாலும் வரேன் சார், அடிச்சதுக்கு நன்றி சொல்ல மட்டும் கூப்பிடாதீங்க’ன்னு, இப்பத்தான் வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போறான்.”