நோட்டில் இல்லாத பேர்

"குப்பைத்தொட்டி இருக்கு. செருப்பு இருக்கு. என் அண்ணன்கூட இருக்கான். நான் எங்கேக்கா இருக்கேன்?"

நோட்டைப் பொத்தென்று தரையில் போட்டாள் தையல்காரி. மருந்துக்கடைக்கு மேலே அந்த மாடி அறையில் தியானம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். தியானம் நடத்தும் மருந்துக்கடை அக்கா மட்டும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இது உன் வீட்டுக்காரர் நோட்டாச்சே! அவரா குடுத்தார்?"

"நல்லா குடுப்பாரே! தலையணைக்கு அடியிலேருந்து எடுத்தேன். கேட்டா, ‘ஒரு வருஷம் உட்கார்ந்தவங்களுக்குத்தான் நோட்டு, அதைப் பத்திப் பேசக் கூடாது’ங்கறார். நான் தியானத்துக்கு வந்து ரெண்டு மாசம்தானே ஆகுது!"

அவள் தோளில் துணிப்பை தொங்கியது. பதினோரு மணி பஸ்ஸில் தங்கை வீட்டுக்குக் கிளம்பப்போகிறாள். திரும்பி வருவதாக உத்தேசம் இல்லை.

அவள் கணவர் பஸ் மெக்கானிக். தினமும் விடிந்ததும் அந்த நோட்டில் எழுதிய ஏதாவது ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவார். பிறகு அதைத் தொட்டு, "நீயும் கடவுளுக்குள்ளதான்" என்பார். போன வாரம் மூன்று நாள் மச்சானின் போட்டோ.

"எல்லாமே கடவுளுக்குள்ள இருக்கு, அதையெல்லாம் தாண்டியும் அவர் இருக்கார்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் மனசார நம்பறேன். துடைப்பத்துக்குக் கிடைச்ச இடம் எனக்கு மட்டும் ஏன்க்கா இல்லை? நாப்பத்தேழு பேர் எழுதியிருக்கார். இருபத்தாறு வருஷம் கூடவே இருந்திருக்கேன்..."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா பாயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மத்தவங்கல்லாம் பெண்டாட்டி பேரை எழுதறாங்களாக்கா?"

"பொய் சொல்வானேன்? முக்கால்வாசிப் பேருக்கு முதல் பக்கமே அதுதான்."

"பார்த்தீங்களா!"

"நானே போன மாசம் உன் வீட்டுக்காரர்கிட்ட, ‘என்னப்பா, சம்சாரம் பேரைக் காணோமே’ன்னு கேட்டேன். வேண்டவே வேண்டாம்னுட்டார்."

தையல்காரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போதும்க்கா. இதுக்கு மேல கேக்க என்ன இருக்கு? வர்றேன்."

அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"முழுசாக் கேட்டுட்டுப் போடி, அவசரக்குடுக்கை! இது எப்படிக் கடவுளுக்குள்ள இருக்கும்னு மனசு எதை ஒத்துக்கவே மாட்டேங்குதோ, அதை மட்டும்தான் இந்த நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன். உன் பேரை எடுத்ததும் அந்த மனுஷன் பதறிப்போய், ‘அவளைப் பார்த்துத்தானேக்கா எனக்குக் கடவுள் நம்பிக்கையே வந்துச்சு’ன்னார்."