பெயர் எழுதாத அட்டைகள்

"நீங்களும் பேசணுமா? தாராளமா பேசுங்க. ஏற்கெனவே ரெண்டு பேர் பேசிட்டாங்க" என்றார் மதுக்கூடத்தின் உரிமையாளர் டூகி.

பேராசிரியர் ரோவெனாவுக்குத் திக்கென்றது. அன்று பேசும் மூவரில் தாம் கடைசி என்பது அவருக்குத் தெரியும். ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து மழையில் காரோட்டி வந்ததில் அவ்வளவு நேரமா ஆகிவிட்டது?

"மன்னிச்சுக்குங்க. யுனிவர்சிட்டியில இருந்து வர்றேன். விலாங்கு மீனைப் பத்தி..."

"விலாங்கா?" கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப நீங்க கட்டாயம் பேசணும்மா. ஏய், சத்தம் போடாதீங்கப்பா! யுனிவர்சிட்டியில இருந்து வந்திருக்காங்க."

கூட்டம் சட்டென்று அடங்கியது. ரோவெனா வியந்தார். பேராசிரியர்களை ஊர் ஊராக மதுக்கூடங்களுக்கு அனுப்பிப் பேசவைக்கும் இந்த ஏற்பாட்டில் முன்பு ஒருமுறை அவர் பேசியபோது, எவரோ எழுந்து தொலைக்காட்சியில் ஓடிய ஹாக்கி ஆட்டத்தின் ஒலியைக் கூட்டிவிட்டார். இங்கோ தொலைக்காட்சியே அணைக்கப்பட்டிருந்தது. மேசைகளில் முட்டை சாண்ட்விச்சுகள் தட்டுத் தட்டாக இருந்தன. கவுன்டர் ஓரத்தில் ஓர் இருக்கை மட்டும் காலி. அதன் முன்னே ஒரு தொப்பியும், நுரை அடங்கிப்போன நிறைகோப்பையும். யாரோ எழுந்து வெளியே போயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

கைபேசியின் ஒலியை அடக்கி எதிரே வைத்தார். அதில் படிக்காத மின்னஞ்சல்கள் நானூற்றுச் சொச்சம் கிடந்தன. அவருடைய துறையில் அதை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

"நான் பேசறதுக்காக மட்டும் வரலை" என்று தொடங்கினார். "ஒருத்தரைத் தேடி வந்திருக்கேன். இந்த பார்லதான் பேசுவேன்னு அடம்பிடிச்சு வந்தேன்."

பைக்குள்ளிருந்து ஓர் அட்டைக்கட்டை எடுத்தார். பியர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் இந்த மதுக்கூடத்தின் நங்கூரப் படம்.

"உங்க ஆத்துல இருக்கிற விலாங்குகளுக்கு நாங்க நம்பர் போட்ட பட்டை கட்டி விட்டோம். பிடிச்சவங்க எழுதி அனுப்பணும்னு கேட்டோம். ஒரே ஒருத்தர்தான் அனுப்பினார். ஒன்பது வருஷம், நாப்பத்திமூணு அட்டை. ஒண்ணுலயும் பேர் இல்லை. என் ஆராய்ச்சியே இவர் போட்ட பிச்சை."

"படிச்சுக் காட்டுங்க" என்றார் முன்வரிசையில் கறுப்பு ஆடையில் அமர்ந்திருந்த அம்மாள். டூகி அவரை வில்மா என்று அழைப்பதை ரோவெனா கவனித்திருந்தார்.

ரோவெனா ஒன்றை உருவினார். "'212-ஐ மறுபடி பிடிச்சேன். போன வருஷத்தைவிட அவ ஒரு அங்குலம் வளர்ந்திருக்கா. நான் ஒரு அங்குலம் குறைஞ்சிட்டேன். விட்டுட்டேன்.'"

அறை குலுங்கிச் சிரித்தது. பின்னாலிருந்த தாடிக்காரர் ஒருவர் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குறைஞ்சாலும் வாய் குறையலையே!" என்று எவரோ சொல்ல, மீண்டும் சிரிப்பு எழுந்தது.

இப்படியொரு அவை ரோவெனாவுக்கு வாய்த்ததே இல்லை. உற்சாகமாகத் தொடர்ந்தார். ஆற்றில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்த விலாங்கு, ஓர் இலையுதிர்காலத்தில் உடல் வெள்ளியாக மின்ன, கண்கள் பெரிதாகி, கடலை நோக்கிப் புறப்படுவதைச் சொன்னார். தெற்கே நடுக்கடலில் முட்டையிட்டு அங்கேயே அது முடிந்துபோகிறது என்றார்.

வில்மா கேட்டார்: "போறப்ப அதுக்கு வலிக்குமா?"

இதுவரை எந்த மாணவனும் கேட்காத கேள்வி.

"தெரியலைம்மா. அந்தக் கடைசி இடத்துல அதை யாரும் பார்த்ததே இல்லை. கிளம்பறப்ப சாப்பிடறதை நிறுத்திடும். அவ்வளவுதான் தெரியும்."

"ஆமா, நிறுத்திடும்" என்று வில்மா தமக்குள் சொல்லிக்கொண்டார். "வழி தெரியுமா அதுக்கு?"

"தெரியும். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

வில்மா தலையை மெல்ல ஆட்டினார். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

ரோவெனா அட்டைக்கட்டை உயர்த்திப் பிடித்தார். "அடுத்த கோடையோட இந்த ஆராய்ச்சி முடியுது. அதுக்குள்ள ஒரு தடவையாவது அவர் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும். இந்த அட்டையெல்லாம் எழுதினவர் இங்க இருந்தா தயவுசெஞ்சு கையைத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. ஆனால் அத்தனை முகங்களும் ஒருசேரக் கவுன்டர் ஓரத்துக் காலி இருக்கையை நோக்கித் திரும்பின.

"ஓ, அவரா? இன்னும் வரலையா?" என்றார் ரோவெனா ஆவலாக.

அப்போது எதிரே இருந்த கைபேசியின் திரை ஒளிர்ந்தது. கூட்ட ஏற்பாட்டாளரின் செய்தி: 'மேடம், எங்க இருக்கீங்க? திங்கட்கிழமையே மெயில் போட்டேனே! அந்த பார்ல இன்னிக்கு ஒரு மீனவரோட இரங்கல் கூட்டம். நம்ம கூட்டத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டோம்.'

அவர் நிமிர்ந்தபோது வில்மா எதிரில் நின்றிருந்தார்.

"பேரை எழுதுங்கன்னா என் வீட்டுக்காரர் கேக்கவே மாட்டார். மீனைப் பத்தித்தானே கேட்டிருக்காங்க, என்னைப் பத்தியான்னுவார்" என்றவர், நங்கூரப் படம் போட்ட அட்டை ஒன்றை ரோவெனாவின் உள்ளங்கையில் வைத்தார். "தபால்ல போடறதுக்குள்ள போயிட்டார்."

நாற்பத்துநான்காவது அட்டையில் எழுதியிருந்தது: '212-ஐ இந்த வருஷம் காணோம். அவ கடலுக்குக் கிளம்பிட்டா போல. நல்லபடியா போய்ச் சேரட்டும்.'