பிலோமினா மூன்றாவது மாடியில் இருக்கிறாள்

கைப்பட்டையை நீட்டியும் ஆஸ்பத்திரிக் கதவு மூன்றாம் முறையும் சிவப்பு காட்டியதும் பிலோமினா அதை எட்டி உதைத்தாள். கையிலிருந்த தூக்கில் கஞ்சி தளும்பியது.

"அக்கா, உதைக்காதீங்க. நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்கன்னு காட்டுது," என்றார் காவலாளி.

"அப்போ உன் முன்னாடி நிக்கிறது என்ன, பேயா?"

காரணம் அவளுக்குத் தெரியும். "இந்த எண் யார்?" என்று கதவு கேட்கும். எந்தக் கைப்பட்டை முதலில் "நான்தான்" என்கிறதோ, அதை அப்படியே நம்பிவிடும். கஞ்சி வாங்கக் கிளம்பியபோது, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மகள் ஜெனிட்டா விடாமல் அழுதாள். அம்மா பக்கத்தில் இருப்பதுபோல இருக்கட்டும் என்று, புதியது வந்தபின்னும் ஒப்படைக்காமல் வைத்திருந்த, அதே எண்ணுள்ள தன் பழைய பட்டையை அவள் கையில் கட்டிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சனியன் முந்திக்கொண்டுவிட்டது.

மேலே மூன்றாம் மாடிச் சன்னல் வழியே "அம்மா! அம்மா!" என்று பிள்ளை கத்துவது கேட்டது.

பிலோமினா தன் அலுவலகத்தையே அழைத்தாள். ஊராரின் கைப்பட்டை எண்களையெல்லாம் பதினொரு வருடமாகக் கவனிப்பவள் அவள். "பதில் வந்தாச்சுன்னா வேலை முடிஞ்சுது, மறுபடி சரிபார்க்கக் கூடாது" என்று புதிதாக வந்தவர்களை விரட்டி விரட்டிப் பழக்கியவளும் அவள்தான்.

"சதானந்தம், என் எண்ணுக்கு வந்த பதிலை அழிச்சிட்டு மறுபடி கேளு. நான் பிலோமினா, வாசல்ல நிக்கிறேன்!"

"பிலோமினா மேடம் மூணாவது மாடியில இருக்காங்க. பதில் வந்தாச்சு," என்றான் சதானந்தம், அவள் பழக்கிய அதே குரலில். "நீங்க யாரு பேசுறது?"