கொதிகலன் கூடத்தில் ஒரு புறா

மின் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில், நிலக்கரி என்ற சொல்லுக்கு நேராக முதல்முறையாகப் பூஜ்யம் நிற்கிறது. நடுப்பகல். நாடு முழுக்க ரயில் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது; எல்லாம் வெயிலாலும் காற்றாலும். நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்களை மூடச் சட்டம் வந்த நாளில், "நடக்கிற காரியமா?" என்று சிரித்த பொறியாளரம்மாதான் இன்று பணியில் இருக்கிறார். எழுந்துபோய்த் திரையை விரலால் தட்டிப் பார்க்கிறார். மேகம் ஒன்று வெயிலை மறைக்கிறது. சேமிப்பு மின்கலங்கள் தாங்கிக்கொள்கின்றன. அப்போதும் பூஜ்யம்தான். மனசு கேட்காமல் கடைசி அனல் நிலையத்துக்குப் போன் போடுகிறார். எடுப்பவர், கொதிகலன் இரைச்சலுக்கு மேல் இருபது வருடமாகக் கத்தியே பேசிவரும் மேற்பார்வையாளர். "தம்பி, நெஜமாவே நிறுத்தியாச்சா? இல்ல, எங்க திரை பொய் சொல்லுதா?" "நிறுத்தியாச்சுக்கா," என்கிறார் அவர், கத்தாமல். "கொதிகலன் பக்கத்துலதான் நிக்கிறேன். கூடத்துக்குள்ள ஒரு புறா கத்துது, கேக்குதா?" பொறியாளரம்மா ஒலிபெருக்கியைப் போடுகிறார். அறை முழுக்கப் புறாவின் குரல். பின்வரிசையில் யாரோ விசிலடிக்கிறார்கள், மற்றவர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். பொறியாளரம்மா கையை உயர்த்துகிறார், கண் நிறைந்திருக்கிறது. "சும்மா இருங்கய்யா, முழுசாக் கேக்க விடுங்க!"