படம் எடுத்தவர்

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க் மேசை மேல் கிர்ரென்று முனகுகிறது. அதைச் சரிசெய்ய கடையில் கேட்ட தொகை கட்டுப்படியாகாததால், தம்பி ஓர் இலவச மென்பொருளை வைத்து வீட்டிலேயே முயன்றுகொண்டிருக்கிறான். மதிய வெயில் திரையில் விழாதபடி அக்கா ஜன்னலை மறைத்து உட்கார்ந்திருக்கிறாள். பழைய படங்கள் ஒவ்வொன்றாக மீண்டு வருகின்றன, பாதி சாம்பல் பூசியபடி. ஒன்றில் அம்மா கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். இன்னொன்றில் சின்ன வயது அக்கா முன்பல் இல்லாமல் இளிக்கிறாள். போன மாதம் இறந்துபோன அப்பா மட்டும் எதிலும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தான். அடுத்த படத்தின் ஓரத்தை ஏதோ மங்கலாக மறைக்கிறது. "இது வீணாப்போச்சுக்கா, தூக்கிடவா?" "ஐயோ, இருடா! அது அப்பாவோட விரல்." அக்கா திரையில் அந்த விரலின் மேல் தன் விரலை வைக்கிறாள். தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறான்.