ஒன்பதாம் வார்டு

ஆடிக்காற்றில் எங்கள் பேரூராட்சியின் எந்தத் தெருவும் கூட்டிய அரை மணிக்கு மேல் சுத்தமாக நிற்காது. பதினைந்து வார்டுக்கும் துப்புரவு ஆட்கள் ஒன்பது பேர்தான். பத்தொன்பது வருஷம் தினக்கூலியாக ஒன்பதாம் வார்டைக் கூட்டிய பவுனு, தூசி இருமல் முற்றி, 2004 ஆனியில் செத்துப்போனாள். பத்தாம் வார்டைக் கூட்டிவந்த அவள் புருஷன் அழகர் தலையிலேயே அவள் வார்டையும் துப்புரவு மேஸ்திரி கட்டினார். ஆனால் காலை ஐந்தரைக்கு அழகர் போகும்போதெல்லாம் அந்தத் தெரு கூட்டிக் கிடந்தது.

தெருக்குழாயில் நின்ற அந்தத் தெருக்காரி மெகருன்னிசாவிடம், "யாரும்மா கூட்டுனது?" என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்குறீகளேண்ணே. அந்த இருமல் எனக்குத் தெரியாதா? பாவம், இன்னும் விடல."

அழகர் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னார். மேஸ்திரி சிரிக்கவில்லை. "வேலை நடக்குதுல்ல? பேசாம இருய்யா."

"செத்த பெறகுமாய்யா அவ கூட்டணும்?"

மேஸ்திரி வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அழகர் நாலு மணிக்கே போனார். ஒன்பதாம் வார்டை முனையிலிருந்து முனைவரை அவரே கூட்டி, குப்பையைத் தள்ளுவண்டியில் அள்ளினார். யாரும் வரவில்லை. இருமலும் கேட்கவில்லை. இன்றைக்காவது அவள் படுத்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, வெளுக்கும் நேரத்தில் தன் பத்தாம் வார்டுக்கு வண்டியைத் தள்ளினார்.

அங்கே தெரு முழுவதும் கூட்டி முடிந்திருந்தது. கடைசிக் குவியலைக் காற்று இன்னும் கலைக்க ஆரம்பிக்கவில்லை.