நகராத சைக்கிள்

“ஓட வேணாம். இதுல ஏறி ஒக்காந்து மிதிங்க” என்றாள் சந்தனம்மாள், புருசனிடம்.

ராக்கப்பன் பார்த்தான். முன்சக்கரம் இல்லாத பழைய சைக்கிள். பின்சக்கரம் தரையில் படாதபடி இரும்புத் தாங்கியில் தூக்கி நிறுத்தியிருந்தது. தேனி கடைவீதியில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் சைக்கிள் கடையைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். அங்கிருந்து தலைச்சுமையாகவே கொண்டுவந்துவிட்டாள்.

“இது எங்கிட்டுப் போகும்?”

“எங்கிட்டும் போகாது. நெஞ்சு பழகத்தான் மிதிக்கிறது.”

நெஞ்சுதான் அவனுக்குக் கவலை. போன மாதம் பெரியகுளத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் நின்றான். உயரம், மார்பளவு எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மைல் ஓடவிட்டு டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். துடிப்பு அடங்க நேரமாகிறது, இரண்டு மாதம் கழித்து வா, அதுதான் கடைசித் தடவை என்று அனுப்பிவிட்டார். கம்பவுண்டர் மட்டும் ஒரு வழி சொன்னார். ஒரே சீராக ஓடாமல், கொஞ்ச தூரம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். இப்படி விட்டு விட்டுச் செய்தால் நெஞ்சு பழகிக்கொள்ளுமாம்.

ராக்கப்பன் பஞ்சுப் பேட்டையில் பத்து வருசமாக மூட்டை தூக்குகிறான். இன்னும் பத்து வருசம் தூக்கினால் கழுத்து தோளுக்குள் இறங்கிவிடும். பேட்டையை விட்டு வெளியே போக அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பட்டாளம்தான்.

அதனால் தினமும் விடியலில் ரயில் மேட்டில் ஓடினான். ஜப்பான் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று வெள்ளைக்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போன மேடு அது. ஒரு தந்திக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. சந்தனம்மாள் கூடவே வந்து மேட்டில் நிற்பாள். போடிப் பக்கமாக அவன் முதுகு சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிவிடும். பிறகு அந்த நீளமான மேட்டில் அவள் மட்டும் நிற்பாள். அவளைப் பெற்றவர்கள் வருசநாட்டில் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். அவள் பெற்றதும் தங்கவில்லை.

பத்தே நாளில் ராக்கப்பனுக்கு முட்டி வீங்கிவிட்டது. அப்போதுதான் அவள் இந்தச் சைக்கிளைக் கொண்டுவந்தாள்.

வேண்டாவெறுப்பாக ஏறி உட்கார்ந்தான். பழைய டயர் வாரைப் பின்சக்கரத்தில் சுற்றி, அறுபது எண்ணும்வரை அவள் இறுக்கிப் பிடித்தாள். தொடை இரண்டும் எரிந்தன. தளர்த்திவிட்டு அறுபது எண்ணினாள். மறுபடி இறுக்கினாள். எட்டாவது தடவையில் வியர்வை தரையில் சொட்டியது.

அவனுக்குப் பிடிக்கவில்லை. ஓடினால் காற்று வருகிறது, மேற்கு மலை கூடவே வருகிறது, மனசு ஆறுகிறது. இதில் என்ன மிதித்தாலும் எதிரே அதே சுவர் என்று குறைப்பட்டுக்கொண்டான்.

“செவரு அங்கனயே நிக்கட்டும். முட்டி வீங்குச்சா, அதச் சொல்லுங்க.”

வீங்கவில்லை.

பேட்டையில் விஷயம் பரவிவிட்டது. கூட மூட்டை தூக்கும் தங்கபாண்டி எல்லார் முன்னாலும் கேட்டான்: “ஏலே ராக்கா, ஜப்பான்காரன் தொரத்துனா நீ நின்ன எடத்துலயே மிதிப்பியா?”

அந்தச் சிரிப்பு அவனை வீடுவரை துரத்தியது. நாளை முதல் மறுபடி ஓட்டம்தான் என்றான். அவள் மறுக்கவில்லை. ஒரு நாள் ஓடச் சொன்னாள், ஒரு நாள் மிதிக்கச் சொன்னாள். முடித்து நின்றதும் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, துடிப்பு அடங்கும்வரை எண்ணினாள். ஓடிய நாள் இருநூறு. மிதித்த நாளும் இருநூறுதான். ஆனால் ஓடிய நாளில் முட்டி தடித்து, மத்தியானத்துக்கு மேல் அவனால் மூட்டைக்குக் குனிய முடியவில்லை.

அதன்பிறகு ராக்கப்பன் ரயில் மேட்டுப் பக்கம் போகவில்லை. தினமும் காலையில் அவன் மிதித்தான், அவள் எதிரே உட்கார்ந்து எண்ணினாள். கடைசி வாரத்தில் நூறு எண்ணுவதற்குள் துடிப்பு அடங்கிவிட்டது. அவன் சிரித்தான். அவள் மறுபடியும் கையை வைத்து முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள்.

பெரியகுளத்துக்குப் போனவன் பொழுது சாய வந்து சேர்ந்தான். அடுப்புப் பற்ற வைக்காமல் அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கூட ஓடியவர்களில் பாதிப்பேர் நொண்டிக்கொண்டு வந்தார்களாம். தனக்குக் கால் பஞ்சாக இருந்ததாம். டாக்டர் இரண்டு தடவை குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த நெஞ்சா அன்றைக்கு வந்த நெஞ்சு என்று கேட்டாராம்.

“எல்லாம் ஒன்னாலதான் புள்ள. ஓடியே பழகியிருந்தா என் முட்டி போயிருக்கும்” என்றான்.

எப்போது கிளம்ப வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள். வியாழக்கிழமை லாரி வருகிறது என்றான். எப்போது திரும்பி வருவது என்பது லாரி அனுப்புகிறவர்களுக்கே தெரியாதாம்.

வியாழக்கிழமை அவனை ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

வைகுண்டராஜ் இறக்கி வாங்கினார். ராக்கப்பன் தேறிவிட்ட செய்தியை அவரும் கேள்விப்பட்டிருந்தார். அவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

“ஏத்தா சந்தனம், ஒக்காந்து மிதிச்சுப் பழகுனவன் நாலடி ஓட மாட்டான், இத நம்புனா ஒன் புருசன் தோத்துட்டுத்தான் வருவான்னு அன்னைக்குத் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். அதக் கேட்டுமா இத வாங்கிட்டுப் போன?”

சந்தனம்மாள் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

“அதக் கேட்டுத்தான் அண்ணாச்சி வாங்கிட்டுப் போனேன்.”